மயிலாத்தாளின் கைராசி

மயிலாத்தாள் விடுதலையாகி ஊர் திரும்பிய மறுநாள் காலையிலிருந்து கிழக்குப் பாவடித் தெருவில் யாரும் தன் வீட்டுக் கதவைத் தானே திறந்துகொண்டு வெளியே வர முடியாமல் போயிற்று. தாழ்ப்பாளில் கோளாறு இல்லை, பூட்டில் துரு இல்லை, மரம் உப்பிக்கொள்ள மழையும் பெய்திருக்கவில்லை. தாழை இழுத்தால் விலகியது, சாவியைத் திருப்பினால் திரும்பியது, கதவு மட்டும் படுத்துக்கொண்ட மாடு மாதிரி அசையவில்லை. இது ஏன் நடந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். கேட்டவர்கள் எல்லோரும் குழம்பினார்கள், பதில் சொன்னவர்கள் அதைவிட அதிகமாகக் குழம்பினார்கள். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

முந்தின நாள் மத்தியானப் பஸ்ஸில் வந்து இறங்கியவள், மஞ்சள் துணிப்பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் விசைத்தறிகள் தடதடத்துக்கொண்டிருந்த தெருவில் நடந்து, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்றாள். நின்றாள் என்றால் நின்றாள், அவ்வளவுதான். தட்டவில்லை, கூப்பிடவில்லை, கொண்டியை ஆட்டவில்லை. பதினான்கு வருஷம் அவள் கை ஒரு கதவைத் தொட்டதில்லை. அங்கே கதவு என்பது வேறு யாரோ திறப்பது, வேறு யாரோ சாத்துவது. விடிந்ததும் சாவிக்கொத்தோடு ஒரு கை வரும், தலை எண்ணுவார்கள், பொழுது சாய்ந்ததும் அதே கை வந்து பூட்டிவிட்டுப் போகும், நடுவில் இருப்பவள் செய்ய வேண்டியதெல்லாம் கதவுக்கு முன்னால் வந்து நிற்பது மட்டும்தான். அந்தப் பழக்கத்தில் அவள் நின்றாள். உள்ளே இருந்தவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்து, புருஷனைக் கொன்றுவிட்டுப் போனவள் வந்து வாசலில் நிற்கிறாள், வாயையும் திறக்க மாட்டேன் என்கிறாள், என்னதான் வேண்டுமாம் என்று பயந்துபோய் ஜன்னலையும் சாத்திக்கொண்டார்கள்.

அவளுக்கு வேண்டியது ஒரு கதவு. அதை அவளிடம் சொல்லி அனுப்பியது நன்னடத்தை அலுவலர் ரெஜினா மேடம். சிறை வாசலில் வைத்து, “அடுத்த மாசம் கடைசி திங்கக்கிழமை நான் உங்க ஊருக்கு வருவேன், நீங்க ராத்திரி தூங்கற வீட்டை எனக்குக் காட்டணும், காட்ட முடியலேன்னா முன்விடுதலையை ரத்து பண்ணச் சொல்லி மேலே எழுதறதைத் தவிர எனக்கு வேற வழி இல்லீங்கம்மா” என்று சொல்லியிருந்தார். நல்ல மனுஷிதான். சொல்லும்போது அவருக்கே சங்கடமாக இருந்தது, அதனால் மயிலாத்தாளின் முகத்தைப் பார்க்காமல் பையைப் பார்த்துச் சொன்னார்.

தெருவில் தறிப்பட்டறையும் அதை ஒட்டி வரிசை வீடுகளும் வைத்திருக்கிற பொங்கியண்ணன் மட்டும், மனைவி சிவகாமி நச்சரித்ததால் கதவைத் திறந்து வெளியே வந்து பேசினார். வரிசையில் ஒரு வீடு காலியாகத்தான் கிடந்தது.

“வீடு இல்லீன்னு சொல்லல. ஆதார் இருக்குதா?”

“நான் உள்ள போகையில அதெல்லாம் இல்லீங்களே.”

“அப்ப எடுத்துட்டு வா.”

“எடுக்கப் போனா வீட்டு விலாசம் கேக்கறாங்க.”

“அதுக்கு வீடு வேணுமே.”

“அதுக்குத்தானுங்க வந்தேன்.”

பொங்கியண்ணன் வாயைத் திறந்து, மூடி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். ரேஷன் கடையில் அவள் பெயரை எப்போதோ நீக்கிவிட்டார்கள், சேர்ப்பதற்கு வீட்டு விலாசம் வேண்டும். தறியில் வேலை கேட்டால் மேஸ்திரி போலீஸ் சான்று கேட்பார், போலீஸ் சான்றுக்குப் போனால் அங்கே விலாசம் கேட்பார்கள். எங்கே சுற்றினாலும் செக்குமாடு போல பேச்சு அதே வாசலுக்கு வந்து நின்றது. இரண்டு பேருக்கும் தலை கிறுகிறுத்த பிறகு பொங்கியண்ணன், “அதெல்லாம் கெடக்கட்டும், உனக்கு உட்டா பக்கத்து வீட்டுக்காரங்க காலி பண்ணிட்டுப் போயிருவாங்க, அதாஞ் சங்கதி” என்று உண்மையைச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

தெருவின் கடைசி வீடு நீலக் கதவு. அது மயிலாத்தாளின் நாத்தனார் வீடு. நாத்தனார் போன வருஷம் இறந்துவிட்டாள், இப்போது அங்கே தாரணி தனியாக இருக்கிறாள். தாரணி மயிலாத்தாளின் மகள். அம்மா போலீஸ் வண்டியில் ஏறும்போது அவளுக்கு ஆறு வயது. மயிலாத்தாள் அந்த வாசலிலும் போய் நின்றாள். தாரணி ஜன்னலுக்குப் பின்னால் நின்று அவளைப் பார்த்தாள். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள், நீலக் கதவு நடுவில் இருந்தது. நிழல் தெருவைத் தாண்டி எதிர்ச் சுவரில் ஏறியதும் மயிலாத்தாள் திரும்பி நடந்தாள். தெருவுக்குக் கிழக்கே, முன்பெல்லாம் தறிக்கான நூலைப் பாவாக நீட்டிக் கஞ்சி போட்ட பாவடி வெளியில், ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. அதற்குக் கதவு கிடையாது. அங்கே போய்ப் படுத்தாள்.

மறுநாள் காலையில் அவள் வழக்கம்போல சிறையில் மணி அடிக்கிற நேரத்துக்கு முன்பே எழுந்து, போர்வையை மடித்து வைத்து, எண்ணுவதற்கு ஆள் வரும் என்று உட்கார்ந்திருந்தாள். யாரும் வரவில்லை. அது என்ன பழக்கம் என்று தன்னையே திட்டிக்கொண்டபோதுதான் தெருவிலிருந்து சத்தம் கேட்டது. தெரு முழுக்க, வீட்டுக்கு வீடு, உள்ளேயிருந்து ஆட்கள் கதவை அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் அவளுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். பால்காரர் மொபட்டோடு தெருமுனைக்கு வந்து, எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் அதிர்வதைக் கேட்டு, கேனை அங்கேயே இறக்கிவைத்துவிட்டு வண்டியைத் திருப்பியவர்தான், அன்றிலிருந்து இன்றுவரை தெருவுக்குள் நுழைவதில்லை.

சிவகாமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். “அக்கா! மயிலாத்தாக்கா! சித்தெ அக்கட்ட இருந்து தள்ளுங்க்கா! என்னமோ ஆயிப்போச்சு, தொறக்கவே மாட்டீங்குது!”

“நானுங்களா?”

“நீங்கதானுங்க்கா, வேற ஆரு இருக்கறாங்க வெளியில!”

மயிலாத்தாள் தன் கையைப் பார்த்தாள். அதைத் தூக்கிக் கதவின் மேல் வைப்பதற்கு அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வைத்ததும் கதவு சாதாரணக் கதவு மாதிரி திறந்துகொண்டது. சிவகாமி வெளியே ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், பொங்கியண்ணன் கொல்லைப்புறத்துக்கு ஓடினார், கொல்லைக் கதவும் திறக்கவில்லை என்று திரும்பி ஓடிவந்தார், அவருடைய அவசரம் அப்படி. பிறகு அவள் அடுத்த வீட்டுக்குப் போனாள், அதற்கடுத்த வீட்டுக்குப் போனாள், தெருவின் இரண்டு பக்கமும் கதவு கதவாகத் தள்ளிக்கொண்டு போனாள், முதல் நாள் அவளைக் கண்டு ஜன்னலைச் சாத்தியவர்கள் ஒவ்வொருவராகக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். நீலக் கதவுக்குள்ளிருந்து மட்டும் சத்தமே வரவில்லை. கூப்பிடாத கதவை எப்படித் திறப்பது என்று அவள் அதைத் தாண்டிப் போய்விட்டாள்.

இரண்டொரு நாளில் சங்கதி எல்லோருக்கும் பிடிபட்டது, அல்லது பிடிபட்டதாக நினைத்துக்கொண்டார்கள். பொழுது சாய்ந்ததும் கதவுகள் தாமாகவே சாத்திக்கொள்ளும், கல்லை அண்டக் கொடுத்தாலும் கல்லைத் தள்ளிக்கொண்டு சாத்திக்கொள்ளும். சாத்திய கதவை அதற்கு அந்தப்பக்கம் நிற்கிற ஆள்தான் திறக்க முடியும், பகலில் சாத்தினாலும் அப்படித்தான். வெளியே மாட்டிக்கொண்டவனுக்கு உள்ளே இருப்பவர்கள் திறந்துவிடலாம், உள்ளே இருப்பவனுக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்தாக வேண்டும், அவன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி. பொங்கியண்ணன் ஆசாரியைக் கூப்பிட்டுக் கதவையே கழற்றி வைத்துப் பார்த்தார். விடிந்ததும் வெற்று நிலைப்படிக்கு முன்னால் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, அதைக் கீழே வைக்க முடியாமல், தெருவே பார்த்துச் சிரிக்கும்படி கொக்கு மாதிரி நின்றார். கதவைத் திரும்ப மாட்டிய ஆசாரி கூலி வாங்கிக்கொள்ளாமல் போனார், இந்த மாதிரி வேலைக்கு எப்படிக் கூலி கேட்பது என்று அவருக்கும் தெரியவில்லை.

தெரு இதற்குப் பழகியது. எதற்கும் பழகுகிற தெருதான் அது. ஜனங்கள் விடிவதற்கு முன்பே எழுந்து, பல் விளக்கி, தலை சீவி, சோற்றுத் தூக்குப்போசியைக் கையில் பிடித்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் வந்து நிற்கத் தொடங்கினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நின்றுகொண்டே வாய்ப்பாடு சொன்னார்கள். புருஷனும் பெண்டாட்டியும் வேறு வழியில்லாமல் ஒருவரோடொருவர் பேசினார்கள், அதில் சில வீடுகளில் நன்மையும் சில வீடுகளில் சண்டையும் விளைந்தது. மேற்கு வரிசையில் யாரோடும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த ரிட்டையர்டு பில் கலெக்டர் ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்துக் கூப்பிடக் கற்றுக்கொண்டார், முதல் நாள் இருமினார், அப்புறம் தொண்டையைச் செருமினார், கடைசியில் “அம்மா, நான் இங்கே இருக்கறனுங்க” என்று சொல்லும் அளவுக்கு வந்தார். போலீசுக்குச் சொல்லலாமா என்று ஒரு பேச்சு எழுந்து, என்னவென்று சொல்வது என்று யோசித்து அடங்கிப்போனது.

மயிலாத்தாளின் கை ராசியான கை என்பதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. அந்தத் தெருவில் புதுப் பாவு ஏற்றினால், நூலை இழுத்துக்கொண்டு ஓடுகிற நாடாவை முதல் தடவை ஓட்டிவிடுவதற்கு என்று கைராசிக்காரர் ஒருவரைக் கூப்பிடுவது வழக்கம். ஒருவர் ஓட்டிப் பாவு அறுந்துகொள்ளாமல் ஓடிவிட்டால், அப்புறம் எத்தனை பாவு ஏற்றினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள், அவருக்குக் காய்ச்சலாக இருந்தாலும் தூக்கிக்கொண்டு வருவார்கள், வேறு கையை வைத்துப் பார்க்கலாமே என்று யாராவது சொன்னால் அவனை முறைப்பார்கள். அந்தக் கணக்கில், முதல் கதவை அவள் கை திறந்தது, ஆகவே எல்லாக் கதவையும் அவள் கைதான் திறக்கும் என்று ஆயிற்று. பாவடிக் கொட்டகையில் வேறு எவனாவது ஒரு நாள் படுத்திருந்து, காலையில் வந்து ஒரு கதவைத் தள்ளிப் பார்த்திருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை. சாயங்காலத்தில் உள்ளேயிருந்து எந்தக் கை இழுத்தாலும் கதவு வந்தது, அதை எல்லோரும் தினமும் பார்த்தார்கள், அதிலிருந்து ஒன்றையும் தெரிந்துகொள்ளவில்லை.

அவள் கைக்கு மஞ்சள் பூசினார்கள், மணிக்கட்டில் சிவப்புக் கயிறு கட்டினார்கள், பாத்திரம் கழுவப் போனால் கை தேய்ந்துவிடும் என்று பிடுங்கிக்கொண்டார்கள். காலையில் ஒரு வீட்டில் காப்பி, மத்தியானம் ஒரு வீட்டில் அரிசிம்பருப்புச் சோறு, சாயங்காலம் இன்னொரு வீட்டில் முறுக்கு. புதுச் சேலை இரண்டு வந்தது. கொட்டகைக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் வந்தது. அந்தக் கை முன்பு என்ன செய்தது என்பதைப் பதினான்கு வருஷமாக விதவிதமாகச் சொல்லி வந்த தெரு, அந்தப் பேச்சை அப்படியே நிறுத்திக்கொண்டது, இது வேறு கை என்பது போல.

மயிலாத்தாளுக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. கதவைத் தள்ளும்போது உள்ளே நிற்கிறவர்களின் முகத்தை அவள் பார்த்தாள். தூக்கம் கலையாத, வெளிச்சத்துக்குக் கூசுகிற, கொஞ்சம் பணிவான முகம். அதே முகத்தோடு தானும் நின்றது ஞாபகம் வந்தது. திறக்க வரும் வார்டர் அம்மா ஏன் யாருடைய முகத்தையும் பார்க்காமல் பூட்டையே பார்த்துக்கொண்டு திறந்தாள் என்பது இப்போது அவளுக்குப் புரிந்தது, புரிந்தது பிடிக்கவில்லை. சில காலைகளில் தன்னையறியாமல் தெருவில் வந்தவர்களைத் தலை எண்ணினாள். எண்ணிக்கை சரியாக இருந்தால் மனசுக்கு நிம்மதியாகவும் இருந்தது, அதற்காக வெட்கமாகவும் இருந்தது. உள்ளே இருக்கிறது நானா இவங்களா என்று கொட்டகையில் உட்கார்ந்து யோசித்தால், யோசனை பாதியிலேயே அறுந்துபோகும்.

கடைசித் திங்கட்கிழமை நெருங்கியதும் அவள் மறுபடி பொங்கியண்ணனிடம் போனாள். இந்தத் தடவை நாற்காலி போட்டார்கள்.

“அந்தக் காலி வீட்டைக் குடுத்தீங்கன்னா மேடத்துக்குக் காட்டீருவனுங்க. ஆதார் அப்புறம் எடுத்துக்கலாமுங்க.”

“ஆதார் கெடக்குது கழுதை. உங்களுக்கு இல்லாத வீடா?” பொங்கியண்ணன் உருகிப்போய்ச் சொன்னார். “ஆனா ஒண்ணு ரோசனை பண்ணிப் பாருங்க. நீங்களும் கதவச் சாத்தீட்டு உள்ள படுத்துக்கிட்டா, காலையில எங்களை ஆரு தொறந்து உடுவா? உங்களையே ஆரு தொறந்து உடுவா?”

அவள் எழுந்து போனாள். வீடு வீடாகப் போய்க் கேட்டாள். எல்லா வீட்டிலும் அன்பாகத்தான் பேசினார்கள். பகலில் வந்து இருந்துகொள்ளுங்கள் என்றார்கள், கட்டில் போட்டுத் தருகிறோம், மின்விசிறி போட்டுவிடுகிறோம், பொழுது சாய்கிறதற்குள் மட்டும் கொட்டகைக்குப் போய்விடுங்கள் என்றார்கள். மேடம் கேட்பது ராத்திரி தூங்குகிற வீடு என்று அவள் சொன்னால், அதுதான் எப்படி என்று அவளையே திருப்பிக் கேட்டார்கள். முன்பு அவளை வேண்டாம் என்றதால் வீடு இல்லை, இப்போது அவள் வேண்டும் என்பதால் வீடு இல்லை. இதை அவள் பில் கலெக்டரிடம் சொன்னபோது அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, “ரெண்டும் ஒண்ணாட்டத்தானுங்க இருக்குது” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மயிலாத்தாள் மஞ்சள் பையில் துணியை மடித்து வைத்தாள். நாளைக்கு மேடம் வந்தால் அவரோடு கிளம்பிவிடுவதாகச் சிவகாமியிடம் சொன்னாள். “அங்க கதவு எப்பத் தொறக்கும் எப்பச் சாத்தும்னாவது தெரியும் கண்ணு” என்றாள். செய்தி பரவியதும் தெரு கலங்கிப்போனது. ஆண்கள் பாவடியில் கூடி, மேடத்திடம் மனுக் கொடுக்கலாம், கதவு எண் இல்லாமல் தெருப் பேரை மட்டும் விலாசமாக எழுதிக்கொள்ளச் சொல்லலாம், கொட்டகைக்கு நான்கு சுவர் எழுப்பிக் கதவு வைக்காமல் விடலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். சில பெண்கள் நிஜமாகவே அழுதார்கள். அது அவளுக்காகவா, திங்கட்கிழமைக்கு அப்புறம் வரப்போகிற செவ்வாய்க்கிழமைக்காகவா என்று அவர்களுக்கே தெரியாது.

தாரணி இதையெல்லாம் தறி வேலை முடிந்து வந்து ஜன்னலுக்குப் பின்னால் நின்றபடி கேட்டாள். அவளுக்கு ஒரு விஷயம் தெரியும், தெருவில் வேறு யாருக்கும் தெரியாத விஷயம், அதுவும் எல்லோர் கண்ணுக்கு முன்னாலும் தினம் நடந்த விஷயம். அம்மாவைக் கூப்பிட மாட்டேன் என்று அவள் முதல் நாளே முடிவு செய்திருந்ததால், நீலக் கதவைத் தினமும் அடுத்த வீட்டுச் சிவகாமிதான் வந்து தள்ளிவிட்டாள். சிவகாமி தள்ளினாலும் கதவு திறந்தது. சிவகாமி அதற்கு, “அக்கா கையைத் தொட்ட கையல்லொ, அதான் தொறக்குது” என்று ஒரு காரணம் சொல்லி வைத்திருந்தாள். ஒரு நாள் சிவகாமிக்குப் பதில் அவள் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தவள் தள்ளினாள், அன்றைக்கும் திறந்தது. எந்தக் கையாக இருந்தாலும் போதும். தாரணி அதை வெளியே சொல்லவில்லை. சொன்னால் அம்மாவுக்கு ஒரு வீடு கிடைத்துவிடும், அது எந்த வீடாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், அதற்கு அவள் தயாராக இல்லை.

ஆனால் நாளைக்கு அம்மா சிறைக்கே திரும்பிவிடுவாள் என்று ஆனதும், பொழுது சாய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்போது அவள் பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். மயிலாத்தாள் எழுந்து நின்றுவிட்டாள்.

“அப்பன் செத்த அன்னிக்கு என்னைய வெளிய தள்ளித் தாழ்ப்பா போட்டே,” என்றாள் தாரணி. “நான் தட்டுனேன். எத்தன நேரம் தட்டுனேன் தெரியுமா? நீ தொறக்கவே இல்லை.”

“தெரியும் கண்ணு. கேட்டுக்கிட்டேதான் இருந்தேன்.”

“அப்புறம் ஏன் தொறக்கலை?”

“தொறந்திருந்தா நீ உள்ள வந்திருப்பே.”

தறிகள் ஞாயிற்றுக்கிழமை அரைநாளோடு நின்றுபோயிருந்தன, அதனால் தெரு அமைதியாக இருந்தது. அந்த ராத்திரி ஆறு வயதுப் பிள்ளை தட்டிய சத்தம் தெரு முழுக்கக் கேட்டது, வேறு எந்தக் கதவும் திறக்கவில்லை, பிள்ளை இதே கொட்டகையில்தான் வந்து படுத்தது. தாரணிக்கு அது ஞாபகம் இருந்தது. பாயைக் கீழே போட்டு உதறினாள்.

“இன்னிக்கு நான் இங்க படுத்துக்கறேன். நீ போய் உள்ள படு.”

“நீ படுத்தா காலையில கதவு...? உனக்கு ராசி இருக்குதோ என்னமோ.”

“ராசியெல்லாம் இல்லை. கை இருக்குது. போ.”

மயிலாத்தாள் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். நீலக் கதவு திறந்துதான் கிடந்தது. திறந்த கதவுக்கு முன்னாலும் அவள் போய் நின்றாள், வழக்கம்போல, யாராவது சொல்லட்டும் என்று. பின்னாலேயே வந்த தாரணிக்கு முதலில் கோபம் வந்தது, இது என்ன இப்படி நிற்கிறாள் என்று. அப்புறம் கோபம் போயிற்று. அவள் அம்மாவைத் தாண்டி உள்ளே போய்த் திரும்பி நின்றுகொண்டு, “வாம்மா” என்றாள். அந்தச் சொல்லை அவள் சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது. மயிலாத்தாள் உள்ளே வந்தாள், தாரணி வெளியே ஓடினாள், கதவுகள் தெரு முழுக்கத் தாமாகச் சாத்திக்கொண்டன.

விடிந்ததும் தாரணி முதலில் பொங்கியண்ணன் வீட்டுக் கதவைத் தள்ளினாள். திறந்துகொண்டது. பொங்கியண்ணன் அவளையும் அவள் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அதானே பாத்தேன், தாய் கை மக கைக்கு வராமயா போகும்” என்றார்.

“மாமா, இப்ப நீங்க போயி எதுத்த வீட்டுக் கதவத் தள்ளுங்க.”

“நானா?”

“நீங்கதான்.”

அவர் தயங்கித் தயங்கிப் போய்த் தள்ளினார். திறந்துகொண்டது. உள்ளேயிருந்து வந்தவர்களைக் கண்டு அவர்தான் அதிகம் பயந்தார். அவர்கள் போய் அடுத்த வீட்டைத் தள்ளினார்கள், அந்த வீட்டார் அதற்கடுத்த வீட்டை, பில் கலெக்டர் தனக்கு முப்பது வருஷமாகப் பேச்சில்லாத எதிர்வீட்டை. கொஞ்ச நேரத்தில் தெருவே நடுவில் நின்றுகொண்டு ஆளாளுக்குத் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை நாள் ஏன் இது தோன்றவில்லை என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். வீட்டுக்கு ஒரு ஆள் முறை வைத்து வெளியே படுத்துக்கொள்ளலாம் என்று அங்கேயே நின்றபடி பேசி முடித்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள்தான் முதல் பஸ்ஸில் வந்த ரெஜினா மேடம் தோள்பையோடு நுழைந்தார். என்ன விசேஷம் என்று கேட்டார். எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னதில் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“மயிலாத்தாள் எங்கே தங்கியிருக்காங்க?”

“எங்க வீட்லங்க,” என்று தாரணி முன்னால் நடந்தாள்.

நீலக் கதவைத் தாரணி தள்ளினாள். நிலைப்படிக்கு உள்ளே மயிலாத்தாள் நின்றுகொண்டிருந்தாள். குளித்து, சேலையைச் சொருகி, பையைத் தோளில் மாட்டி, ஒரு கையில் தட்டும் இன்னொரு கையில் டம்ளருமாக, சிறையில் நிற்கிற மாதிரியே, எப்போதிலிருந்து நின்றாளோ தெரியாது. மகளைப் பார்த்தாள், மேடத்தைப் பார்த்தாள், பின்னால் நின்ற தெருவைப் பார்த்தாள்.

“வரோணுமுங்களா?” என்று மேடத்தைக் கேட்டாள்.

ரெஜினா மேடம் குழம்பிப்போனார். இதற்கு ஏதாவது விதி இருக்கிறதா என்று யோசித்தார். இல்லை. “வரணும்னு ஒண்ணும் இல்லீங்கம்மா,” என்றார். “அது உங்க இஷ்டம்.”

மயிலாத்தாள் தட்டையும் டம்ளரையும் கீழே வைத்தாள். பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். பாயை நோக்கிப் போய்க்கொண்டே, “அப்பச் சாத்தீட்டுப் போ கண்ணு, இன்னுஞ் சித்தெ நேரம் தூங்கறேன்” என்றாள்.

தாரணி கதவைச் சாத்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தறிக்குப் போனாள், ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள், பட்டறைகளில் தறிகள் ஓடத் தொடங்கின. கதவின் மேல் மஞ்சள் பெயிண்டில் எழுதியிருந்த எண்ணை மேடம் குறித்துக்கொண்டார். கையெழுத்து ஒன்று வாங்க வேண்டியிருந்தது, எழுப்ப மனம் வரவில்லை, அதனால் வாசலிலேயே நின்றார். வெயில் ஏறியது. தெருவில் யாரும் இல்லை.

அப்போது கதவுக்கு அந்தப்பக்கம் காலடிச் சத்தம் கேட்டது. யாரும் அந்தக் கதவைத் தள்ளவில்லை, மேடமும் தொடவில்லை; உள்ளே இருந்தவளே அதைத் திறந்தாள். பார்த்தது மேடம் ஒருவர்தான், அவருக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை, யாரும் தன் வீட்டுக் கதவைத் திறக்கிற மாதிரிதான் இருந்தது. மயிலாத்தாள் தூங்கி எழுந்த முகத்தோடு, அவிழ்ந்த முடியை ஒரு கையால் அள்ளிக்கொண்டு, மறுகையால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஏனுங் மேடம் வாசல்லயே நிக்கறீங்க?” என்றாள். “உள்ள வாங்க.”